அசையாமல் இருக்க ஒரு வாரப் பயிற்சி

புதன், இரவு

வந்து சேர்ந்தாயிற்று. அறை படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. நாளைக்கான சிலிண்டர்களை நிரப்புகிறார்கள் போல, கம்ப்ரஸர் ஓடும் சத்தம் இந்த நேரத்திலும் கேட்கிறது.

எதற்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டர் சுமந்து கடலுக்குள் மூழ்குவதற்கான சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. முதல்நிலைப் பயிற்சியில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டினேன், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தேன். எல்லாம் மணலில் முட்டி போட்டுக்கொண்டு. பல இடங்களில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கடலுக்குள் யாரும் முட்டி போட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. கீழே பவளம் இருந்தால் முட்டியை எங்கே வைப்பது? கீழே தரையே தெரியாத ஆழம் என்றால்?

அதனால்தான் ஃபண்டமெண்டல்ஸ். குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ், சுருக்கமாக ஜி.யு.இ., நடத்தும் படிப்பு. ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998இல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு இது. புளோரிடாவின் நீரடிக் குகைகளில் மூழ்கிப் பழகியவர்கள், குகைக்குள் உயிரோடு இருக்கத் தேவைப்பட்ட ஒழுங்கைத் திறந்த கடலுக்கும் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்தால் அரிச்சுவடி போலத் தெரியும். ஆனால் வருடக்கணக்கில் டைவ் போடுகிறவர்களும் இதில் தேறாமல் திரும்பியிருக்கிறார்கள். போதிய அளவுக்குப் பயமுறுத்தும் கதைகள் படித்துவிட்டேன். தூங்கப் பார்க்கிறேன்.

வியாழன்

இன்று உடம்பு நனைந்தது நீச்சல் தேர்வில் மட்டும்தான். 275 மீட்டரை நிற்காமல் 14 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும், அப்புறம் மூச்சை அடக்கி நீருக்கடியில் 15 மீட்டர். ஓரளவு நீந்தத் தெரிந்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பொறியாளர், எங்களில் அதிகம் கடல் பார்த்தவர். என்னைத் ‘தம்பி’ என்கிறார். இன்னொருவர் மருத்துவ மாணவி. அவரை இவர் ‘பாப்பா’ என்று கூப்பிட, அந்தப் பெண் முதலில் முறைத்து, மதியத்துக்குள் பழகிவிட்டார். பயிற்சியாளர் குரலை உயர்த்தாத மனிதர். அதுவே கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

மதியம் வரை நாடா சரிசெய்யும் வேலை. காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்ய நாம் பழகிய ஜாக்கெட் இங்கே கிடையாது. முதுகில் ஓர் எஃகுத் தகடு. அதில் கோத்த ஒரே நீள நாடா இரண்டு தோள் வழியாகவும் இறங்கி இடுப்பில் ஒரே ஒரு பக்கிளில் முடிகிறது. கால்களுக்கு நடுவே ஒரு பட்டை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றுப் பை, அதை விங் என்கிறார்கள். அவ்வளவுதான், மெத்தை இல்லை, விதவிதமான கிளிப்புகள் இல்லை. நாடா தளர்ந்தால் சிலிண்டர் முதுகில் ஆடும், இறுகினால் கை பின்னால் போகாது. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் வால்வை நம் கையாலேயே எட்டித் திறந்து மூட முடிய வேண்டும், அதுதான் அளவு. பொறியாளருக்குத் தோள்பட்டை பிடிப்பு. அவருடைய நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் பயிற்சியாளரின் விரல்நுனிகள் சிவந்துவிட்டன.

எனக்கு இன்றைக்குப் பிடித்தது குழாய் விஷயம். வாயில் இருக்கும் ரெகுலேட்டரின் குழாய் 2.1 மீட்டர் நீளம். அது இடுப்போரம் இறங்கி, மார்பின் குறுக்கே ஏறி, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வருகிறது. மாற்று ரெகுலேட்டர் ஒரு ரப்பர் கயிற்றில், தாடைக்குக் கீழே தொங்குகிறது. யாருக்காவது காற்று தீர்ந்துவிட்டால் நாம் கொடுப்பது மாற்று ரெகுலேட்டரை அல்ல, வாயில் இருப்பதை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மூச்சுக்குத் தவிப்பவர் பக்கவாட்டில் எங்கோ தொங்குவதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், உங்கள் வாயில் குமிழி விடுவதைத்தான் பிடுங்குவார். அது வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் குமிழியே சாட்சி. நீளம் ஏன் என்றால், குகையின் குறுகலான இடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியேற வேண்டும்.

மாலையில் பெஞ்சில் குப்புறப் படுத்து உதைக்கும் பயிற்சி. படகுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளி

6 மீட்டர் ஆழம். மணல் தரை, ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு மிதவை. பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

முதல் பாடம், எதையும் செய்யாமல் இருப்பது. குப்புறப் படுத்த நிலையில், முட்டியை மடக்கி, பாதங்களைத் தூக்கி, தலையை நிமிர்த்தி, கைகளை முன்னால் நீட்டி, அப்படியே நிற்க வேண்டும். ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, நகரக் கூடாது. இந்தக் கிடைநிலைக்கு டிரிம் என்று பெயர். கிடைக்கோட்டிலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக் கூடாது, குறித்த ஆழத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது தேறுவதற்கான அளவுகோல். குகை, அதிக ஆழம் என்று தொழில்நுட்ப டைவிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அதுவே 20 பாகை, 1 மீட்டர்.

காகிதத்தில் தாராளமாகத் தெரிந்த அந்த 30 பாகை, தண்ணீருக்குள் போனதும் சுருங்கிவிட்டது. உடம்பு நீருக்குள் ஒரு ஏற்ற இறக்கப் பலகை மாதிரி நடந்துகொள்கிறது. நெஞ்சுப் பக்கம் நுரையீரல் தூக்குகிறது, மறு கோடியில் காலில் மாட்டிய துடுப்புகள், அதாவது ஃபின்கள், இழுக்கின்றன. கை அரை அடி முன்னால் போனால் தலை தாழ்கிறது, முட்டி ஒரு விரற்கடை இறங்கினால் கால் விழுகிறது. எனக்குக் கால் விழுகிற உடம்பு. எடையில் ஒரு பகுதியை இடுப்பிலிருந்து எடுத்துச் சிலிண்டரின் மேல்பக்கப் பட்டையில் கட்டிவிட்டார். அரை மணி நேரமாகக் காலால் போட்ட சண்டை அந்த ஒரு மாற்றத்தில் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி மூச்சு. ஒரு லிட்டர் காற்று நம்மை ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்குத் தூக்கும். அதாவது ஆழமாக ஒரு மூச்சு இழுத்தால் இரண்டு மூன்று கிலோ எடையைக் கழற்றிப் போட்ட மாதிரி. ஆனால் அதன் பலன் உடனே தெரியாது, உடம்பு நகரத் தொடங்க ஒன்றிரண்டு வினாடி ஆகும். இந்தத் தாமதம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. இழுக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை என்று விங்குக்குள் கொஞ்சம் காற்று ஏற்றுகிறோம், அதற்குள் முதல் மூச்சு வேலையைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் பதறிக் காற்றை வெளியே திறந்துவிட, கீழே போகிறோம். பயிற்சியாளர் என் முகத்துக்கு நேரே மிதந்தபடி, உள்ளங்கையை மெல்ல உயர்த்தி மெல்லத் தாழ்த்தினார். அந்தக் கை போகிற வேகத்துக்கு மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் கயிற்றில் இருந்த முடிச்சும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் நின்றன.

அடுத்தது உதைப்புகள். தவளை உதைப்பு எளிது, மணலும் கலங்காது. இருந்த இடத்திலேயே சுழல்வதும் வந்துவிட்டது. பின்னோக்கி நீந்துவதுதான் வரவில்லை. கால்களை நீட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, ஃபினின் விளிம்பால் தண்ணீரைப் பற்றி உடம்பை நோக்கி இழுக்க வேண்டும். நான் இழுத்தேன். முன்னால் போனேன். மறுபடி இழுத்தேன், மறுபடி முன்னால். மாணவி ஓர் ஆள் நீளம் பின்வாங்கிக் காட்டியபோது பொறியாளர் தண்ணீருக்குள்ளேயே கை தட்டினார்.

இரவில் வீடியோ. ஒவ்வொரு டைவையும் படம்பிடித்து அன்றே போட்டுக் காட்டுகிறார்கள். வாதாட வழியில்லை. படுக்கையாக இருந்ததாக நான் சத்தியம் செய்திருப்பேன். திரையில் ஒரு ஆள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான்.

சனி

இன்றைக்கு ஐந்து அடிப்படைத் திறன்கள். ரெகுலேட்டரை எடுத்துத் திரும்ப வைப்பது, முதன்மை ரெகுலேட்டரிலிருந்து மாற்றுக்கு மாறுவது, மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, மாஸ்க்கையே கழற்றி மாட்டுவது, நீளக் குழாயை அவிழ்த்து நீட்டிப் பார்ப்பது. பட்டியலில் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அந்தரத்தில், அதே ஆழத்தில், மற்ற இருவரையும் பார்த்தபடி செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். ரெகுலேட்டரை அழகாக மாற்றிவிட்டு அதற்குள் இரண்டு மீட்டர் இறங்கிப் போனால், அது செய்ததாகக் கணக்கில் வராது. கடுமையான விதி என்று நேற்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆழம் மாறுவதை ஒருவர் கவனிக்கவில்லை என்றால் அவர் கவனம் முழுவதையும் கையில் இருக்கும் பொருள் தின்றுவிட்டது என்று அர்த்தம். நிஜமான சிக்கல் வரும்போது கொடுக்க மிச்சம் எதுவும் இருக்காது.

மாஸ்க் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கழற்றியதும் குளிர்ந்த தண்ணீர் மூக்கிலும் கண்ணிலும் அடிக்கிறது. மூச்சை நிறுத்து என்று உடம்பு கட்டளை போடுகிறது. நுரையீரலில் காற்றை வைத்துக்கொண்டு நிறுத்துவதால் மெல்ல மேலே கிளம்புகிறோம். கண்ணைத் திறந்தால் எல்லாம் கரைந்த வண்ணம். நம் கண் ஒளியை மடக்குவது பெரும்பாலும் கருவிழிக்கு முன்னால் காற்று இருப்பதால்தான். அங்கே தண்ணீர் வந்துவிட்டால் குவியம் போய்விடும். கையில் கட்டிய, ஆழம் காட்டும் கம்ப்யூட்டரில் எண் தெரியாது. ஆழம் தெரிந்துகொள்ள இருப்பது காது மட்டும்தான், ஏறினால் லேசாகக் களுக்கென்று விட்டுக்கொடுக்கும்.

என் முறை வந்தது. பட்டையைத் தலைக்கு மேலே தள்ளி, மாஸ்க்கை எடுத்து முன்னால் நீட்டினேன். வாயால் இழு, மூக்கால் விடு. மூக்கின் வழியே குமிழிகள் கன்னத்தில் உரசிப் போகும்வரை தண்ணீர் உள்ளே ஏறாது. அப்போது முழங்கையில் ஒரு விரல் தொட்டது, தொட்டபடியே இருந்தது. மாணவி. நான் ஏறினால் அந்த விரல் அழுத்தும், இறங்கினால் தூக்கும். பாஷை எதுவும் முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. மாஸ்க்கை மாட்டி, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி மூக்கால் ஊதி, கண்ணைத் திறந்தபோது முடிச்சு என் கண்ணுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஒரு சாண்தான்!

காற்றைப் பகிரும் பயிற்சியில் பொறியாளர் தடுமாறினார். தொண்டையைக் கையால் அறுப்பது போல மாணவி சைகை காட்டியதும் அவர் கை வலது விலாப் பக்கம் போனது. பழைய ஜாக்கெட்டில் உபரி ரெகுலேட்டர் தொங்கிய இடம். அங்கே ஒன்றும் இல்லை. தடவிக்கொண்டே இருந்தார். கரையேறியதும் சொன்னார், “தம்பி, எனக்குத் தெரியும் அது அங்க இல்லைன்னு. கைக்குத் தெரியல.” மதியம் முழுக்க நிலத்தில் நடந்துகொண்டே பயிற்சி செய்தோம். ரெகுலேட்டரை எடு, நீட்டு, தலையைக் குனிந்து குழாயை விடுவி, மாற்றை வாயில் வை. மாலை டைவில் அவருடைய கை நேராக வாய்க்குப் போனது.

இரவு வகுப்பில் காற்றுக் கணக்கு. எனக்கு இந்த வாரத்தின் கனமான பாடம் இதுதான். பொழுதுபோக்கு டைவிங்கில் நமக்குச் சொல்லித்தந்தது, ‘50 பார் மிச்சத்தோடு படகுக்கு வா’ (பார் என்பது அழுத்தத்தின் அலகு). சரி, அந்த 50 எங்கிருந்து வந்தது? கேட்டதில்லை.

30 மீட்டரில் இருக்கும்போது தோழருக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர், இரண்டு பேருக்கு 40. நிலைமையைக் கையாள ஒரு நிமிடம், கணக்குக்காக முழுத் தூரத்தையும் நிமிடத்துக்கு 3 மீட்டர் வீதம் ஏற 10 நிமிடம், ஆக 11. கீழே அழுத்தம் 4 பார், மேலே 1, சராசரி இரண்டரை. அழுத்தம் கூடும் அளவுக்குக் காற்றும் கூடுதலாகச் செலவாகும் என்பதால் மூன்றையும் (40, 11, இரண்டரை) பெருக்கினால் 1100 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டருக்கு வகுத்தால் அது 99 பார். 200 பார் நிரப்பிய சிலிண்டரில் பாதி! 18 மீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 48 பார் வருகிறது. அதுவும் படகில் ஏறும்போது மிச்சம் இருக்க வேண்டியது அல்ல, அடியைவிட்டுக் கிளம்பும்போது இருக்க வேண்டியது.

அந்தப் பாதி என்னுடையதே அல்ல, பக்கத்தில் நீந்துகிறவருடையது, நான் சுமந்துகொண்டு திரிகிறேன். நீளக் குழாய், முழங்கையைத் தொட்ட விரல், ஆளையாள் பார்த்தபடி நிற்கச் சொல்வது எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. பொறியாளர் நோட்டில் தன் பழைய ஆழமான டைவ்களுக்குக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிவைத்தார்.

ஞாயிறு

காற்று. அலை. படகில் நின்றபடி ஃபின் மாட்டவே பெரும்பாடு. ஒரே ஒரு டைவ்.

இன்று ஏறுவதற்கான பயிற்சி. ஆழத்தில் பாதி வரை நிமிடத்துக்கு 9 மீட்டர், அதற்கு மேல் 3 மீட்டர்தான். 30 வினாடி நிற்பது, 30 வினாடி ஏறுவது. மேலே வர வரத்தான் சிரமம். 30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது விங்கில் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது இரட்டிக்கிறது. ஆக, எல்லோரும் ‘மேலே வந்துவிட்டோம்’ என்று தளர்கிற இடத்தில்தான் விங்கைத் திறந்து திறந்து விட வேண்டியிருக்கிறது.

நடுவில், நாம் இருக்கும் இடத்தை மேலே காட்டும் மார்க்கர் பலூன் வேறு. மடித்து வைத்ததை விரித்து, நூல் சுருளைக் கோத்து, வாயால் ஊதி, மேலே விட வேண்டும். நுரையீரல் காற்று பலூனுக்குள் போய்விடுவதால் அதை விட்ட கணமே நாம் கீழே இறங்குகிறோம். மாணவி இதை முன்பே கணக்குப் பண்ணி, விட்டவுடன் நிதானமாக ஒரு மூச்சு இழுத்து அங்கேயே நின்றார். நான் இறங்கி, ஏறி, நின்றேன். நூல் சிக்கவில்லை, அதுவரை திருப்தி.

எனக்குத் தலைவலி. அலையா, அதிகம் யோசித்ததா தெரியவில்லை. இன்று இவ்வளவுதான்.

திங்கள்

கடைசி நாள். கடல் அமைதி. அணியில் ஒருவர் தலைவர், திட்டத்தையும் அவர்தான் சொல்ல வேண்டும். இன்று நான். ஆழம், நேரம், சிலிண்டரில் எத்தனை பார் ஆனதும் திரும்புவது, குறைந்தபட்சக் காற்று, யார் எங்கே நீந்துவது, யார் பலூன் விடுவது. படகிலேயே ஒருவரை ஒருவர் தலை முதல் கால் வரை சரிபார்த்தோம். பொறியாளரின் குழாய் ஒரு நாடாவுக்குக் கீழே சிக்கியிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தோம்.

கீழே பயிற்சியாளர் வேலையைக் காட்டினார். போகிற போக்கில் ஒருவரைக் காட்டி ‘உனக்குக் காற்று இல்லை’, அதைச் சமாளித்து ஏறத் தொடங்கும்போது இன்னொருவருக்கு ‘உன் மாஸ்க் போச்சு’. மூன்று பேரும் விளக்கு வைத்திருந்தோம். மெதுவாக வட்டம் போட்டால் சரி, பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ‘கொஞ்சம் பார்’, வேகமாக வெட்டினால் ஆபத்து. மாணவியின் வெளிச்சம் என் கண்முன் மணலில் வெட்டியபோது நான் திரும்பிக்கொண்டே ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். ஏறி முடித்து மேலே தலை நீட்டும்வரை ஆழத்தைப் பற்றித் தனியாக யோசித்த ஞாபகம் இல்லை. வீடியோவில் பார்த்தேன், ஓரிடத்தில் தவிர எங்கும் விலகவில்லை.

முடிவு: மாணவி தேறிவிட்டார். பொறியாளரும் நானும் ‘தற்காலிகம்’. அதாவது 6 மாதத்துக்குள் குறையைச் சரிசெய்துகொண்டு வந்து காட்டினால் தேர்ச்சி. அவருக்குக் கிடைநிலை போதவில்லை, எனக்கு அந்தப் பாழாய்ப்போன பின்னோக்கி உதைப்பு. எனக்கு அரை ஆள் நீளம்தான் வருகிறது, அதுவும் சாய்ந்துகொண்டு.

“வருத்தமா சார்?” என்று பொறியாளரைக் கேட்டேன். “எதுக்கு? மறுபடி வர ஒரு சாக்கு கிடைச்சிருக்கு. நீ எந்த மாசம் வர்ற, சொல்லு, சேர்ந்தே போட்டுடலாம்” என்றார். அணி டைவ் என்பதால் கூட ஆள் வேண்டும் அவருக்கு. தேதி குறித்துவிட்டோம். மாணவியும் வருகிறேன் என்றிருக்கிறார், பரீட்சை இல்லாவிட்டால்.

அடுத்தடுத்த நாட்களில் டைவ் போட்ட பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பதால் இன்றிரவும் இங்கேதான். யாராவது இந்தப் படிப்புக்குக் கிளம்புவதாக இருந்தால் என் யோசனை இது. புது உபகரணம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே போய் நாடா அளவு தெரிந்தபின் வாங்கிக்கொள்ளலாம். ஏதாவது ஒரு நீச்சல்குளத்தில் மாஸ்க் இல்லாமல், வாயில் கவ்வும் ஸ்நார்க்கல் குழாய் மட்டும் வைத்து மூச்சு விட்டுப் பழகுங்கள். முதல் சான்றிதழ் வாங்கி அதிக நாள் ஆகவில்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். கை எதற்கும் பழகாமல் இருப்பது இங்கே வசதிதான், பொறியாளரைக் கேட்டால் அவரே சொல்வார்.